எல்லாத் திசையிலும் சூலம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டயர் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதமாக இதன்மேல் டீ டம்ளர் வைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் வட்டம் வட்டமாகக் கறை. இன்று முதல் உள்ளேயும் கொஞ்சம் கறை படியட்டும்.

காலையில் சுகந்தி கூப்பிட்டாள். என் ஒரே மகள். கனடாவில் வான்கூவர் என்ற ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம், செப்டம்பர் கடைசியில். தலைப்பிரசவம் பெண் வீட்டார் பார்க்க வேண்டியது. பெண் வீட்டில் இப்போது இருப்பது நாச்சிமுத்து என்கிற நான் ஒருத்தன்தான். மாப்பிள்ளை தீபனுடைய அம்மாவுக்குப் போன மாதம்தான் முட்டியில் ஆபரேஷன்.

“அதனால நீங்க வந்துருங்கப்பா” என்றாள்.

“நான் வந்து என்ன கண்ணு பண்றது? எனக்குச் சுடுதண்ணி வெக்கத்தான் தெரியும்.”

“பிரசவத்துக்கு அதுதாம்ப்பா முக்கியம்.”

ஆடி முடியட்டும், பார்த்துக்கலாம் என்றேன். நான் ஆடியில் மொபெட் வாங்கியவன். ஆடியில் வீட்டுக்கு நிலை வைத்து ஊராரிடம் திட்டு வாங்கியவன். திடீரென்று ஆடிமேல் இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆபீஸில் வேலை இல்லாத நேரம் கம்ப்யூட்டரில் ‘சென்னை டு வான்கூவர் எவ்வளவு தூரம்’ என்று போட்டேன். ஒரு வெப்சைட் உடனே பதில் சொன்னது. பன்னிரண்டாயிரத்து எழுநூறு சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் பதினைந்தரை மணி நேரம்.

பரவாயில்லையே என்று டிக்கெட் பார்த்தால், நேராகப் போகிற விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் சொல்லியிருக்கிறான். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி சேர்த்திருக்கிறான், அவ்வளவுதான். எனக்குக் கோபமே வரவில்லை. தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியாதா. முப்பத்தைந்து வருடமாகச் சங்ககிரி லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக உட்கார்ந்து நானும் இதைத்தான் செய்கிறேன். பார்ட்டி போன் செய்து “லோடு எங்கங்க?” என்று கேட்டால், “வந்துக்கிட்டே இருக்குங்க, ஓசூர் தாண்டிருச்சு” என்பேன். லாரி என் கண் முன்னால் நிற்கும். டிரைவர் குளித்துக்கொண்டிருப்பான்.

இன்று குளித்துவிட்டு வந்த டிரைவர் அர்த்தநாரி என் தோள்மேல் எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்கண்ணா, பன்னெண்டாயிரமா? நம்ம வண்டின்னா ரெண்டு செட்டு டயரு போயிருமே.”

“அங்க ரோடு இல்லடா.”

“அப்ப டோல்கேட்டும் இல்ல. போயிட்டு வாங்கண்ணா, லாபந்தான்.”

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அக்கா பாவாயி வந்தாள். எனக்கு ஏழு வயது மூத்தவள், அடுத்த தெரு. பத்தியச் சமையல் கற்றுக்கொடுக்கிறாளாம். பூண்டுக் குழம்பு. நான் வைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, “இதைக் குடிச்சாப் பிள்ளை பெத்தவ எந்திரிச்சு ஓடிருவா. அந்த வரைக்கும் நல்லதுதான்” என்றாள்.

என் வீட்டுக்காரி ருக்மணி இருந்தால் இதெல்லாம் அவள் வேலை. மூன்று வருடம் முன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விசா எடுத்தோம். ஒருத்தி விசா தேவைப்படாத ஊருக்குப் போய்விட்டாள். என் பாஸ்போர்ட்டில் மட்டும் அது சும்மா கிடக்கிறது.

குழம்பில் புளி அதிகம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆடி முடிந்துவிட்டது. இந்த வருடம் கொஞ்சம் சீக்கிரம் முடிந்ததுபோல் இருக்கிறது.

சுகந்தி மூன்று ரூட் அனுப்பியிருக்கிறாள். ஒன்று, ஜெர்மனி போய் மாறுவது. இரண்டு, ஹாங்காங் போய் மாறுவது. மூன்று, டெல்லி போய் மாறுவது. தூரம், நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் போட்டு, “எது வசதியோ சொல்லுங்கப்பா, இன்னிக்கே போட்டுடறேன்” என்று எழுதியிருந்தாள்.

ஒரே ஊருக்குப் போக ஒருவன் மேற்கே போகிறான், ஒருவன் கிழக்கே போகிறான், டெல்லிக்காரன் வடக்கே பனிமலைகளின் தலைக்கு மேல் போகிறான். மூவரும் அங்கேயே போய் இறங்குகிறார்கள். பூமி உருண்டை என்று பத்தாவதில் படித்தபோது, இதனால் என் குடும்பத்துக்கு ஒரு பிரச்சினை வரும் என்று வாத்தியார் சொல்லவில்லை.

அப்போதுதான் சுவரில் தினசரிக் காலண்டர் கண்ணில் பட்டது. தாளின் அடியில் பொடி எழுத்தில்: சூலம், மேற்கு. பரிகாரம், வெல்லம்.

அறுபத்தொரு வருடமாகச் சூலம் பார்க்காதவன் நான். அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குப் பயணம் கூடாது என்பார்கள். லாரி ஆபீஸில் அதைப் பார்த்தால் வாரம் பூராவும் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். ஆனாலும் பெரியவர்கள் சும்மாவா சொல்லியிருப்பார்கள்? தாள்களைப் புரட்டினேன். ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம். ஜெர்மனி போயிற்று. திங்களும் சனியும் கிழக்கே. ஹாங்காங் போயிற்று. செவ்வாயும் புதனும் வடக்கே. டெல்லி போயிற்று.

சுகந்திக்குச் சொன்னேன்.

“அப்ப ஜெர்மனி வழியா செவ்வாய்க்கிழமை வாங்கப்பா.”

“ஜெர்மனிக்காரன் அங்கிருந்து வடக்கால திரும்பித்தான் கண்ணு வர்றான். படத்துல பாத்தேன்.”

“ஹாங்காங் வழியா?”

“அதுவும் மேல ஏறித்தான் இறங்குது.”

“வியாழக்கிழமை?”

“வியாழன் தெக்க சூலம். பிளேன் ஏறப் போற கோயமுத்தூர் ஏர்போர்ட்டு நம்மூருக்குத் தெக்கால தள்ளித்தான இருக்குது.”

“அப்பா, அது முக்கால்வாசி மேக்குப்பா.”

“கால்வாசி சூலம் குத்தாதா?”

தூரமும் நேரமும் எவ்வளவு என்பதை வெப்சைட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். திசை பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதலாளி, லீவு எத்தனை நாள் வேண்டும் என்றார். இன்னும் திசை முடிவாகவில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சுகந்தி அக்காவிடம் சொல்லிவிட்டாள். கனடாவிலிருந்து அடுத்த தெருவுக்குப் புகார் வருகிற காலம்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஏண்டா நாச்சி, நீ எந்தக் காலத்துலடா சூலம் பாத்த?”

“வயசாகுதுல்லக்கா. பயபக்தி வர்றது தப்பா?”

“பக்தி வரல. மத்ததுதான் வந்திருக்குது.”

“எது?”

“ஏற்காடு பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார மாட்டயே, அது.”

காற்று ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் உட்காருவதில்லை. இதை அக்காவுக்கு நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். மாரியம்மன் பண்டிகையில் ராட்டினம் ஏறாததற்கும் அதே காரணம்தான். மேலே காற்று அதிகம்.

“சூலம்னா பரிகாரமும் இருக்குதுடா. கிழக்க போனாத் தயிரு, மேக்க போனா வெல்லம், வடக்க போனாப் பாலு, தெக்க போனா நல்லெண்ணெய். நாலையும் ஒரு டம்ளர்ல ஊத்திக் குடிச்சுட்டு ஏறு. ஒரு திசையும் உன்னை ஒண்ணும் பண்ணாது.”

“வயித்தைப் பண்ணுமேக்கா.”

“அதுக்குத்தான் பிளேன்ல பின்னாடி ரூம்பு வெச்சிருக்கறான்னு என்ர பேரன் சொன்னான்.”

போகும்போது வாசலில் நின்று, குரலைத் தணித்து, “சரி, மத்த ரூட்டுக்கெல்லாம் நீ சொன்னது இருக்கட்டும். டெல்லி ரூட்டு வேண்டவே வேண்டாம், எந்தக் கிழமையும் வேண்டாம்னு புள்ளைகிட்டச் சொன்னயாமா. அதுக்கு எந்தச் சூலம்?” என்றாள்.

டெல்லியில் புகை என்றேன். ஆகஸ்டில் புகை இருக்காது என்று அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கிருஷ்ண ஜெயந்திச் சீடை மிச்சம் இருக்கிறது. வெடிக்கவில்லை. கடிக்கவும் முடியவில்லை. நிற்கிற லாரியின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க உதவும்.

டெல்லி ரூட் எனக்குப் புதிது இல்லை. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். ருக்மணிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோன அன்று, சுகந்தி அந்த வழியாகத்தான் வந்தாள். வான்கூவர், டெல்லி, கோயமுத்தூர், சங்ககிரி. ஐஸ் பெட்டிக்காரன் வந்து, “எத்தன மணி நேரத்துக்குங்க வேணும்?” என்று கேட்டான். அவனுக்கு நேரம் குறித்துக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்கு வாக்குக் கொடுக்க முடியும். தூரத்தையும் வேகத்தையும் போட்டு, மாறும் நேரத்தைச் சேர்த்து, முப்பத்து நாலு மணி நேரம் என்றேன். சரியாக முப்பத்து நாலாவது மணியில் கார் வாசலில் வந்து நின்றது. முப்பத்தைந்து வருட சர்வீஸில், வண்டி வந்து சேரும் நேரத்தை நான் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்குப் போனில் விமானத்தைப் பார்க்கிற வித்தையை அர்த்தநாரி காட்டிக்கொடுத்தான். படத்தில் சின்னதாக மஞ்சள் பிளேன். நான் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே பனிப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் பிளேனைக் காணோம். “டவர் இருக்காதுங்கண்ணா” என்றான்.

மதியம் வெயில் அதிகம். ஓசூர் லோடு இரண்டு ஏறியது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சேதி ஒன்றும் இல்லை. சுகந்தியும் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டையை அக்கா கொடுத்துவிட்டாள்.

இன்று சுகந்தி போன் செய்தாள். பிரஷர் ஏறியிருக்கிறதாம். டாக்டர் கடைசித் தேதிவரை விடமாட்டாராம். அடுத்த வாரமே வலி வரவழைத்துவிடலாம் என்கிறாராம். தீபனுக்குச் சுரங்கத்தில் வேலை. பத்து நாள் மலைமேல், பத்து நாள் வீட்டில். பிரசவத்துக்கு வந்துவிடுவான். அதற்குப் பிறகு அவனும் போக வேண்டும்.

“பரவால்லப்பா, நீங்க சிரமப்படாதீங்க” என்றாள். “இங்க வீட்டுக்கு வந்து பாத்துக்க ஆள் இருக்காங்க. மணிக்கு இவ்வளவுன்னு.”

“வர்றேன்னுதான கண்ணு சொல்லிக்கிட்டிருக்கேன். திசைதான்…”

“அன்னிக்கு நான் வந்தப்ப எந்தச் சூலமும் பாக்கலப்பா. ராகுகாலத்துல ஏறுனேன். எமகண்டத்துல மாறுனேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, அத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

“வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு” என்றேன்.

“லாரி ஆபீஸ் பேச்சு வேண்டாம்ப்பா. வண்டி கிளம்பிருச்சா இல்லையா?”

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் எந்தப் பார்ட்டியும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை.

“கிளம்பல” என்றேன். “எனக்கு உயரம்னா பயம் கண்ணு. அப்புறம் அந்த டெல்லி ரூட்டு…”

“தெரியும்ப்பா” என்றாள். “லாரியில கிளீனரா வடக்க போனதுல உங்களுக்கு ஹிந்தி வரும். மாறுற எடத்துல நீங்க வாய் தொறந்து கேக்க முடியற ஊரு அது ஒண்ணுதான். அதுக்காகத்தாம்ப்பா டெல்லி சொன்னேன். வியாழக்கிழமை சேலத்துல ரயில் ஏறி மெட்ராஸ் போங்க. சேலம் நமக்கு வடகிழக்கு. தெக்குச் சூலம் தொடாது.”

என்னைவிட நன்றாகச் சூலம் படித்திருக்கிறாள். அவளைக் கடன் வாங்கிப் படிக்கவைத்தது வீண்போகவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

விடியும் முன்பே அக்கா டம்ளரோடு வந்தாள். தயிர், வெல்லம், பால், நல்லெண்ணெய். சும்மா சொன்னாள் என்று நினைத்தேன். நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் போனாள். நான்கு திசையும் என் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன.

பெட்டியில் இருபத்து மூன்று கிலோ. அதில் என் துணி மூன்று கிலோ. மற்றதெல்லாம் பூண்டு, மிளகு, சுக்கு, வெல்லம், பிரசவ லேகியம், விளக்கெண்ணெய். அர்த்தநாரி சேலம் ஸ்டேஷன்வரை கார் ஓட்டி வந்தான். காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். ஐந்தாவது பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, “பிளேன் டயருக்குங்கண்ணா” என்றான்.

செக்யூரிட்டியில் அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். டயர்ப் பக்கம் போகத்தான் அனுமதி கிடைக்கவில்லை.

மெட்ராஸ் டு டெல்லி. ஜன்னலோரம். காற்று வரவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி, மேலே

டெல்லியில் வாய் திறந்து கேட்டேன். நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். அதுவே பெரிய விஷயம்.

விடியலில் ஏறினோம். எதிரே சீட்டில் சின்ன டிவி. அதில் படம் போட்டு, நடுவில் ஒரு பிளேன். மஞ்சள் இல்லை, வெள்ளை. போக வேண்டிய தூரம் குறைந்துகொண்டே வருகிறது. இவர்கள் பொய் சொல்கிறார்களா என்று ஜன்னலில் சரிபார்த்தேன். கீழே பனிமலை. உண்மைதான். உடனே ஜன்னலை மூடிவிட்டேன். உண்மையை அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை.

பிளேன் ஆடியது. எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். இப்படித்தான் அன்றைக்குச் சுகந்தியும் உட்கார்ந்து வந்திருப்பாள். அப்போது அவளிடம் பழம்கூட இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி, மறுபடியும்

தப்பாக எழுதவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிளம்பி, பதினான்கு மணி நேரம் பறந்து, வெள்ளிக்கிழமை விடிகிறபோது இறங்கினோம். லாரி ஆபீஸில் நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன், இந்த அளவுக்குத் துணிந்ததில்லை.

கஸ்டம்ஸில் ஒரு பெண் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னாள். லேகிய டப்பாவை எடுத்து முகர்ந்தாள். இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். சட்டையில் பெயர் பார்த்தேன், கவுர் என்று முடிந்தது, பஞ்சாப்காரி. என் கிளீனர் ஹிந்தியை எடுத்துவிட்டேன். “பச்சா ஹோனே கே பாத்… மா கே லியே.” குழந்தை பிறந்த பிறகு, அம்மாவுக்கு.

அவள் முகம் மாறியது. “பஞ்ஜீரி?” என்றாள். அவர்கள் ஊரில் பிரசவத்துக்குச் செய்து கொடுப்பது அது. பஞ்சாப் லோடுக்குப் போன டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பஞ்ஜீரி என்றேன். டப்பாவை மூடினாள். “நானி நஹீ ஆயீ?” என்றாள். பாட்டி வரவில்லையா.

“நானி கீ ஜகஹ் மே மை ஆயா” என்றேன். பாட்டி இடத்துக்கு நான் வந்திருக்கிறேன்.

அவளே பெட்டியை மூடி, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

வெளியே சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். வயிறுதான் முதலில் தெரிந்தது. பக்கத்தில் தீபன் நாற்காலி வைத்துக்கொண்டு நிற்கிறான், இவள் உட்கார மாட்டேன் என்கிறாள். கையில் போன். கண் சிவந்திருந்தது.

“தூங்கலையா கண்ணு?”

“உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்று போனைக் காட்டினாள். மஞ்சள் பிளேன். “நடுவுல பனிப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் காணவே காணோம்ப்பா.”

“அங்க டவர் இருக்காது கண்ணு” என்றேன்.

எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்தேன். அதை எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பெண் குழந்தை. மூன்று கிலோ. இரண்டு பேரும் நலம். சுடுதண்ணி வைத்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பூண்டுக் குழம்பு தாளிக்கும்போது கூரையில் ஒரு மிஷின் அலறியது. புகை வந்தால் கத்துமாம். பேத்தியும் சேர்ந்து கத்தினாள். தீபன் துண்டை வீசிக்கொண்டு ஓடினான். பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மா வந்து எட்டிப் பார்த்து, மோப்பம் பிடித்து, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.

சுகந்தி முழுக் குழம்பும் சாப்பிட்டாள். “புளி கம்மிப்பா” என்றாள்.

செப்டம்பர் 26, வியாழன்

தீபன் சுரங்கத்துக்குப் போய்விட்டான். குழந்தையைக் குளிப்பாட்ட முட்டிமேல் போடுகிற வித்தையை அக்கா வீடியோவில் சொல்லிக் கொடுத்தாள். “தலையைப் புடிடா, தலையை. டயரு மாதிரி உருட்டாத.” சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து, தையல் வலிக்கிறது என்று அழுதாள். அழுதது தையலுக்கு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. குழந்தையைத் துடைத்து அவள் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொட்டப் போனேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை. இந்த ஊரில் இதை மழை என்று யாரும் சொல்வதில்லை, நாள் என்கிறார்கள்.

அக்கா கூப்பிட்டாள். முதலாளி அவளிடம் கேட்டாராம், கிளார்க் எப்போது வருகிறார் என்று. “தீபாவளிக்கு வந்துருவயாடா?”

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. உண்மையிலேயே பார்த்தேன். இங்கிருந்து ஊருக்குப் போக ஒருவன் மேற்கே கடல் தாண்டுகிறான், ஒருவன் கிழக்கே ஜெர்மனி சுற்றுகிறான், டெல்லிக்காரன் வடக்கே ஏறுகிறான். ஞாயிறு, வெள்ளி போயிற்று. திங்கள், சனி போயிற்று. செவ்வாய், புதன் போயிற்று.

“வியாழக்கிழமை தெக்கதான சூலம். வியாழன் கிளம்பு.”

“வியாழக்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி.”

“எந்த வியாழக்கிழமைடா?”

“எல்லா வியாழக்கிழமையும் என்னமோ ஒண்ணு இருக்குதுக்கா.”

அக்காவின் மூச்சு கேட்டது. சிரிக்கிறாளோ என்று சந்தேகம். அவள் சிரித்தால் போனில் மூச்சுதான் கேட்கும்.

“அப்ப பரிகாரம் பண்ணிட்டுக் கிளம்பு. பாலு, தயிரு அங்க கெடைக்குந்தான?”

“கெடைக்குதுக்கா. வெல்லந்தான் இந்த ஊர்ல கெடைக்க மாட்டேங்குது.”

சமையலறை அலமாரியில் இரண்டு கிலோ இருக்கிறது. சுகந்தி என்னைப் பார்த்தாள். எழுந்து போய், அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.